தெருப் பக்கம் ஒரு கதவு

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, நீ சிவில்காரன், ஜப்பானில் வேலை பார்த்தவன். அங்கே பார்த்த ஏதாவது ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசு. இருபது நிமிஷம் போதும்" என்றார். ஜப்பான் என்றதும் வானளாவிய கோபுரம், புல்லட் ரயில், கடல் மேல் பாலம் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் பேசப் போவது காகிதத்தால் கட்டிய ஒரு சின்ன கோயிலைப் பற்றி. கிறிஸ்தவக் கோயில். எண்பது பேர் உட்காரலாம், அவ்வளவுதான். அது இப்போது கட்டின இடத்திலும் இல்லை, கட்டின நாட்டிலும் இல்லை. மதப் பிரசங்கம் செய்வானோ என்று யாரும் பயப்பட வேண்டாம். ஒரு பொறியாளனாகத்தான் அதைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க, அது பொறியியலோடு மட்டும் முடிகிற விஷயமில்லை என்று தெரிந்தது.

1995 ஜனவரி 17, விடியற்காலை 5 மணி 46 நிமிஷம். கோபே நகரமும் சுற்று வட்டாரமும் குலுங்கின. ஆட்டம் நின்றதென்னவோ அரை நிமிஷத்துக்குள். இறந்தவர்கள் 6,434 பேர். நெடுஞ்சாலை மேம்பாலம் ஒன்று ஏறத்தாழ அறுநூறு மீட்டர் நீளத்துக்கு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. அந்தப் படத்தை நம் பாடப் புத்தகங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆனால் மேம்பாலத்தில் செத்தவர்களை விட வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தபடியே நசுங்கிச் செத்தவர்கள்தான் மிக மிக அதிகம். பழைய மரச் சட்ட வீடுகள், தலையில் கனமான ஓடு. மழைக்கும் புயலுக்கும் தாங்கிய அதே பாரம் பூகம்பத்தில் எமனாக வந்தது. 1981இல் ஜப்பான் தன் கட்டட விதிகளைத் திருத்தியது. அதற்கு அப்புறம் கட்டியவை பெரும்பாலும் நின்றன, முன்னால் கட்டியவைதான் அதிகம் விழுந்தன. விதிமுறை என்பது வெறும் காகிதம் என்று நினைக்கிற தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டத்துக்குப் பின்னால் தீ. கோபேயில் நகாதா என்று ஒரு வட்டம். நம்ம ஊரில் ஆம்பூர் என்றால் தோல் என்கிற மாதிரி அங்கே நகாதா என்றால் செருப்பு, ஷூ. செயற்கைத் தோலில் ஷூ செய்யும் சின்னச் சின்ன பட்டறைகள், ஒன்றோடு ஒன்று ஒட்டிய வீடுகள், குறுகிய சந்துகள். பசையும் ரப்பரும் இருக்கிற இடம். தீயணைப்பு வண்டி வந்தாலும் குழாயில் தண்ணீர் இல்லை, தரைக்கடியில் எல்லாம் உடைந்து கிடந்தன. அந்த நகாதாவில், தகாத்தோரி என்ற பகுதியில் இருந்த கத்தோலிக்கக் கோயிலும் எரிந்து போயிற்று. முற்றத்தில் கைகளை விரித்தபடி நின்ற இயேசுவின் சிலை மட்டும் மிஞ்சியது.

அந்தக் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டும். ஜப்பானியர்கள் உண்டு. அவர்களோடு வியட்நாமியர்கள் நிறையப் பேர். போருக்குப் பிறகு படகில் ஏறித் தப்பி வந்த அகதிகள். ஷூ பட்டறைகளில் வேலை கிடைத்ததால் நகாதாவில் குடியேறியவர்கள். அதே வட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் கொரியர்களும் உண்டு. அதாவது, ஊரில் இருந்தும் ஊரார் என்று முழுசாகக் கணக்கில் வராத ஜனங்கள்.

இங்கே ஒரு பழைய கதையையும் சொல்லியாக வேண்டும். 1923இல் தோக்கியோ பக்கம் பெரிய பூகம்பம் வந்தது. கிணற்றில் கொரியர்கள் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. அந்த வதந்தியை நம்பி, பூகம்பத்தில் பிழைத்த கொரியர்களை மனிதர்களே கொன்றார்கள். பூமி ஆடி முடிந்த பிறகு நடந்த கொலைகள் அவை. நகாதாவில் இருந்த கொரியப் பெரியவர்களுக்கு 1995இல் அந்த ஞாபகம் வராமல் இருந்திருக்குமா?

அதனால்தான் அடுத்து நடந்தது எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. இரண்டு வாரத்துக்குள், ஜனவரி 30ஆம் தேதி, நகாதாவில் கொரிய மொழியில் ஒரு குட்டி வானொலி ஒலிக்க ஆரம்பித்தது. ஏப்ரலில், எரிந்த கோயிலின் வளாகத்திலிருந்து வியட்நாமிய மொழி முதலான மொழிகளில் இன்னொன்று. தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தப் படிவத்தை எந்த ஆபீசில் கொடுக்க வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் படுக்க இடம் இருக்கிறது, இதெல்லாம் அவரவர் பாஷையில். ஜூலையில் இரண்டும் ஒன்றாயின. 1996 ஜனவரி 17, பூகம்பத்தின் சரியாக முதலாம் ஆண்டு நாளில், அரசாங்க உரிமத்தோடு முறையான பண்பலை நிலையமாயிற்று. இருபது வருஷம் கோயில் வளாகத்திலிருந்து காற்றலையில் ஒலித்து, 2016இல் அந்த முறையை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது. வதந்திக்கு மருந்து செய்தி. அதுவும் கேட்கிறவனுக்குப் புரிகிற பாஷையில் செய்தி. இதை ஒரு கோயில் முற்றத்தில் இருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன்.

ஷிகெரு பான் என்று ஒரு கட்டடக் கலைஞர். 2014இல் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கியவர். 1995இல் அவருக்கு வயது முப்பத்தேழு, இங்கே இருக்கிற பலருடைய வயசு. அட்டைக் குழாயை வைத்துக் கட்டடம் கட்டலாம் என்று பல வருஷமாகச் சோதனை செய்துகொண்டிருந்தார். ஜவுளிக் கடையில் துணி சுற்றி வைத்திருப்பார்களே, அதே அட்டைக் குழாய்தான். வியட்நாமிய அகதிகள் கோபேயில் கஷ்டப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தகாத்தோரி கோயிலைத் தேடிப் போனார். அங்கே பங்குத் தந்தையாக இருந்தவர் கண்டா ஹிரோஷி. "கோயிலைக் காகிதத்தால் திருப்பிக் கட்டித் தருகிறேன்" என்றாராம் பான். ஊரே எரிந்து கிடக்கிறது, இந்த ஆள் காகிதம் என்கிறானே என்று தந்தை நம்பவே இல்லை.

பான் விடவில்லை. திரும்பத் திரும்ப தோக்கியோவிலிருந்து வந்தார். பூங்காவில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருந்த வியட்நாமியக் குடும்பங்களைப் பார்த்தார். அரசு கொடுத்த தற்காலிக வீடுகள் தூரத்தில் இருந்தன. அங்கே போனால் பட்டறை வேலை போய்விடும், பக்கத்தில் இருக்கிற சொந்த பந்தம் போய்விடும் என்று அவர்கள் நகரவில்லை. சரி, கோயில் அப்புறம், முதலில் இவர்களுக்கு வீடு என்று முடிவானது.

அந்த வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் கேளுங்கள், சிவில்காரர்களுக்குப் பிடிக்கும். அஸ்திவாரம், பீர் பாட்டில் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட். அதற்குள் மணல் மூட்டை. சுவர், சுமார் பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள அட்டைக் குழாய்களை நெருக்கமாக நிறுத்தியது. கூரை, கூடாரத் துணி. ஒரு வீட்டுக்குப் பொருள் செலவு 2,000 டாலருக்கும் குறைவு. கட்டியவர்கள் கல்லூரி மாணவர்கள். பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். பிரிக்கும்போது குப்பை மிச்சமில்லை, அட்டை மறுபடியும் அட்டைக்கே போகும். இருபதுக்கும் மேல் அப்படிக் கட்டினார்கள். காலி கிரேட் தான் வந்தது, உள்ளே பாட்டில் இல்லையே என்று மாணவர்களுக்கு வருத்தமாம். அந்த வருத்தம் நம் ஹாஸ்டல்காரர்களுக்குப் புரியும்!

அதைப் பார்த்த பிறகுதான் தந்தைக்கு நம்பிக்கை வந்தது. பணத்தை நீயே திரட்டிக்கொள், ஆட்களையும் நீயே கூட்டி வா, கட்டு என்று இசைந்தார். கட்டியது பூசைக்கு மட்டுமான இடமில்லை. அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூடுகிற பொது மண்டபமாகவும் இருக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. 10 மீட்டருக்கு 15 மீட்டர் தரை. அதற்குள் நீள்வட்டமாக 58 அட்டைக் குழாய்கள். ஒவ்வொன்றும் 5 மீட்டர் உயரம், 33 சென்டிமீட்டர் விட்டம், 15 மில்லிமீட்டர் தடிமன். வெளிச் சுவருக்குப் பாலிகார்பனேட் தகடு. 160 தொண்டர்கள், ஐந்தே வாரம். 1995 செப்டம்பரில் திறந்துவிட்டார்கள்.

அந்தத் தூண்களை நிறுத்தியதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பீடத்துக்குப் பின்னால் குழாய்கள் நெருக்கமாக நிற்கும், சுவர் மாதிரி. வாசல் பக்கம் வர வர இடைவெளி விட்டு நிற்கும். முன் பக்கம் முழுவதும் கண்ணாடிக் கதவுகள். அவற்றைத் திறந்துவிட்டால் உள்ளே எது, வெளியே எது என்று பிரிவே இருக்காது. தெருவில் போகிறவனும் மண்டபத்தில் இருக்கிறவனும் ஒரே கூட்டம். சொந்தக் கூரை போன ஒரு சபை, தான் யாருக்காக இருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்ததன் விடையை அந்தக் கதவில் படிக்கலாம்.

நண்பர்களே, நிவாரணம் என்பது சோறும் போர்வையும் மட்டும்தானா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். கோபே பூகம்பத்துக்குப் பிறகு சுமார் 48,000 தற்காலிக வீடுகள் கட்டினார்கள். ஜப்பான்காரன் கட்டினால் கேட்கணுமா, ஒழுங்காகத்தான் கட்டினான். முதியவர்களுக்கும் உடல் முடியாதவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்து, குலுக்கல் போட்டு ஒதுக்கினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குலுக்கலில் தெரு கலைந்து போயிற்று. நாற்பது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒரு மூலை, இவர் ஒரு மூலை. அடுத்த சில வருஷங்களில் அந்த வீடுகளில் யாரும் பக்கத்தில் இல்லாமல் தனியாகச் செத்துக் கிடந்தவர்கள் இருநூறு பேருக்கு மேல். பூகம்பத்தில் பிழைத்தவர்கள் அவர்கள். கூரை இருந்தது, குழாயில் தண்ணீர் இருந்தது, கதவைத் தட்ட ஆள் இல்லை.

இதற்கு நேர் எதிரான பாடமும் அதே பூகம்பத்தில் இருக்கிறது. இடிபாட்டில் சிக்கியவர்களில் உயிரோடு மீட்கப்பட்டோரில் முக்கால்வாசிப் பேரை மீட்டது ராணுவமோ தீயணைப்புப் படையோ கிடையாது, வீட்டாரும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான் என்று அங்கே மதிப்பிட்டிருக்கிறார்கள். மையத்துக்கு அருகில் இருந்த ஆவாஜித் தீவுக் கிராமத்தில், யார் வீட்டுப் பாட்டி எந்த அறையில் படுப்பார் என்பது பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் எங்கே தோண்ட வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எந்தக் கருவியும் கண்டுபிடிக்காத இடத்தை அந்தப் பழக்கம் கண்டுபிடித்தது.

தகாத்தோரியில் இதைத்தான் தொடர்ந்து செய்தார்கள். நிவாரண முகாமாக ஆரம்பித்தது, 2000இல் தகாத்தோரி சமூக மையம் என்ற பதிவு பெற்ற தொண்டு நிறுவனமாயிற்று. ஒரே வளாகத்தில் வானொலி, ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் போகிற வெளிநாட்டவருக்கு மொழிபெயர்ப்பு உதவி, வியட்நாமியர்களுக்கான அமைப்பு, இப்படிப் பல. அதில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் இல்லை. யாரும் அதைக் கேட்பதும் இல்லை. நான் ஒசாகாவில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். வளாகத்தில் என்னை நிறுத்தி "நீங்கள் எந்த நாடு?" என்று கேட்டவர், அடுத்ததாகக் கேட்டது "உங்கள் ஊரில் வெள்ளமா, புயலா, பூகம்பமா?" ஆபத்தையே விசிட்டிங் கார்டாக வைத்திருக்கிறார்கள். நான் "எல்லாம் உண்டு, சுனாமியும் உண்டு" என்றேன். 2004 டிசம்பரை அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

காகிதக் கோயில் மூன்று வருஷம் நின்றால் போதும் என்று கட்டியது. பத்து வருஷம் நின்றது. 2005இல் நிரந்தரக் கோயில் கட்டுவதற்காக அதைப் பிரித்தார்கள். பிரித்த குழாய்களைத் தூக்கிப் போடவில்லை. தைவானில் 1999 செப்டம்பர் 21 பூகம்பத்தில் அடிபட்ட நாந்தோவ் மாவட்டத்தில், பூலி ஊரை ஒட்டிய தாவ்மி என்ற கிராமத்துக்குக் கப்பலில் அனுப்பினார்கள். அந்தப் பூகம்பத்தில் இறந்தவர்கள் 2,400 பேருக்கு மேல். தவளையையும் தட்டானையும் காப்பாற்றி, அவற்றைப் பார்க்க வருகிறவர்களை நம்பித் தன்னை மீட்டெடுத்துக்கொண்ட கிராமம் அது. 2008 செப்டம்பரில் காகிதக் கோயில் அங்கே மறுபடி எழுந்தது, ஊர்ப் பொது மண்டபமாக. கட்டடத்துக்குப் பணி முடிந்ததும் அடுத்த பக்கத்து வீட்டுக்காரனிடம் அது போய்ச் சேர்ந்தது. அவன் கடலுக்கு அப்பால் இருந்தான், அவ்வளவுதான்.

அந்த யோசனையும் ஊர் ஊராகப் போனது. 2001 குஜராத் பூகம்பத்துக்குப் பிறகு பான் புஜ் நகரில் அட்டைக் குழாய் வீடு கட்டினார். அங்கே பீர் கிரேட் இல்லை, ஆகவே இடிந்த கட்டடங்களின் இடிபாடே அஸ்திவாரம், கூரைக்கு மூங்கில். சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிரிந்தையில் மீனவ முஸ்லிம் மக்களுக்கு வீடு கட்டியபோது காகிதத்தையே விட்டுவிட்டார். அந்த மண்ணில் அமுக்கிச் செய்த மண் கல்லும், ரப்பர் மரமும். 2011இல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் பேராலயம் பூகம்பத்தில் உடைந்தபோது, 2013இல் அங்கே எழுந்த தற்காலிகப் பேராலயத்தில் மறுபடியும் அட்டைக் குழாய். பொருள் மாறுகிறது, ஊர் மாறுகிறது. அந்த இடத்தில் என்ன கிடைக்கும், அங்கே இருக்கிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. சுனாமிக்குப் பிறகு நம் கடலோரத்தில் தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்புகளுக்குள் பகலில் உட்கார முடியாமல் ஜனங்கள் வெளியே மர நிழல் தேடியதை நாகப்பட்டினம், கடலூர் நண்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் கட்டினால் அப்படித்தான் ஆகும்.

இனி நம் விஷயம். காலையில் நடந்த பொதுக்குழுவில் புதிய மண்டபம் பற்றிப் பேச்சு வந்தது, கொஞ்சம் சூடாகவே வந்தது. ஒரு பக்கம், கல்லூரிக்குப் பெருமையாக ஏ.சி. அரங்கம் வேண்டும் என்கிறார்கள். இன்னொரு பக்கம், அந்தப் பணத்தை உதவித்தொகைக்குக் கொடுங்கள் என்கிறார்கள். இரண்டு பக்கமும் நம் அண்ணன்மார்கள், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சின்னவன் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மண்டபம் கட்டுவது என்று முடிவானால், மூன்று விஷயத்தை வரைபடத்தில் சேர்க்கச் சொல்லி ஒரு சிவில்காரனாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, மண்டபத்துக்குத் தெருப் பக்கம் ஒரு அகலமான கதவு. இப்போது பின்பக்கச் சுவர் ஒன்பது அடி உயரம், மேலே கண்ணாடிச் சில்லு. அதற்கு அந்தப் பக்கம் முந்நூறு குடும்பம் இருக்கிறது. நம் மெஸ்ஸில் சமைக்கிற அக்காமார்களும், வாட்ச்மேன் தாத்தாவும் அங்கிருந்துதான் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். மழை வெள்ளத்தில் அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறபோது, நம் வளாகம் மேட்டில் காய்ந்து கிடக்கிறது.

இரண்டு, தரை மட்டம். வெள்ளக் கோட்டுக்கு மேலே தரை, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், வெளியிலிருந்து திறக்கிற கழிப்பறை, மின்சாரம் போனாலும் கையால் அடிக்கிற ஒரு பம்பு. செலவு கணக்குப் போட்டுப் பார்த்தேன், மேடை அலங்காரத்துக்கு ஒதுக்கியிருக்கும் தொகைக்குள் அடங்கும். வேண்டுமானால் கணக்கைச் செயலாளரிடம் கொடுக்கிறேன்.

மூன்றாவதற்குச் செலவே இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம். அந்த முந்நூறு வீட்டில் நடக்க முடியாத முதியவர் யார், கர்ப்பிணி யார், தனியாக இருப்பவர் யார் என்று மாணவர்கள் வருஷா வருஷம் போய்ப் பேசிப் பழகி எழுத வேண்டும். அதில் வேறு மாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலை பார்க்கிற குடும்பங்களும் சேர்த்தி. அவர்களுக்கு இந்தியிலோ ஒடியாவிலோ ஒரு சேதி சொல்ல நம் மாணவர்களில் ஆள் இருக்கிறார்கள். மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். சுனாமியிலிருந்து இன்றுவரை, ஆபத்து வரும் நாளில் நம் ஊரில் பல நல்ல கட்டடங்கள் பூட்டியே கிடப்பது சாவிக்காரர் ஊரில் இல்லாததால்தான்.

தகாத்தோரி மக்கள் பணக்காரர்கள் இல்லை. அவர்கள் கையில் அப்போது கட்டடம்கூட இல்லை. நம்மிடம் கட்டடம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, ஆயிரக்கணக்கான பழைய மாணவர்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள். நம்மைப் படிக்க வைத்த கல்லூரிக்கு நன்றிக்கடன் செய்ய வேண்டும் என்று எல்லோரும் பேசினோம், சரி. நாலு வருஷம் நாம் சாப்பிட்ட சோற்றைச் சமைத்தவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். கடன் அங்கேயும் இருக்கிறது.

அடுத்த மாதம் செயற்குழு வரைபடத்தை எடுக்கும்போது, அந்தப் பின்பக்கச் சுவரில் ஒரு கதவுக்கு இடம் விட்டு வரையுங்கள். வரைந்து கொடுக்க நான் தயார், கட்டணம் வேண்டாம்.